படுவான்கரையில் சிக்னல் போனாலும் வழி தவறாமல் இருக்க: போன் மேப் பற்றிப் புதியவர்களுக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வேலை கிடைத்து முதன்முறையாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீடு வீடாக விபரம் எடுப்பவர், பார்சல் கொண்டு போகிறவர், புது நியமனம் கிடைத்த ஆசிரியர், யாராக இருந்தாலும் சரி. முதல் வாரத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சறுக்குகிறோம்.

நான் சறுக்கியது மண்டூரில். வவுனியாக்காரன் நான்; வாவியும் தெரியாது, துறையும் தெரியாது. கணக்கெடுப்பு முடிய மாலை ஆறு மணி தாண்டிவிட்டது. அக்கரையில் குருமண்வெளி கண்ணுக்குத் தெரிகிறது, அங்கிருந்து களுவாஞ்சிக்குடி பக்கம்தான். காலையில் மேப்பில் பார்த்தபோது நீருக்குக் குறுக்கே ஒரு கோடு போயிற்று. அதை நம்பிக் கரைக்கு வந்தால் பாலம் இல்லை. போனில் சிக்னலும் இல்லை. திரையில் சாம்பல் கட்டங்களின் நடுவே ஒரு நீலப்புள்ளி மட்டும் நின்றது. சுற்றி ஒரு வீதி, ஒரு பெயர் கிடையாது.

வலை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார்: “பாதை இனி விடியத்தான் மனே. வெல்லாவெளியால சுத்திப் போங்க.” பாதை எப்படி விடியும் என்று விழித்தேன். இங்கே ‘பாதை’ என்றால் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்குப் பெயர். மேப்பில் நான் கண்ட கோடு அதன் தடம். அன்று இருட்டில் வெல்லாவெளி போய், பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. உங்கள் போனில் ஜி.பி.எஸ். உண்மையிலேயே இருக்கிறதா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நீங்கள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கப் போனுக்கு சிம்மும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செய்மதிகள் அனுப்பும் அலைகளை வானொலிப் பெட்டி மாதிரிப் போன் கேட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். குறைந்தது 4 செய்மதிகள் கேட்டால் இடம் கிடைத்துவிடும். இப்போது வரும் போன்கள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கின்றன. மண்டூரில் என் நீலப்புள்ளி சரியான இடத்தில்தான் நின்றது. அதன் கீழே விரிக்கப் படம்தான் போனில் இல்லை.

சோதிக்கும் முறை இது. ஏரோப்பிளேன் மோடைப் போடுங்கள், வைஃபையையும் நிறுத்துங்கள், லொகேஷன் மட்டும் ஓனில் இருக்கட்டும். வளவுக்குள் இறங்கி, மரமில்லாத இடத்தில் நின்று மேப்பைத் திறங்கள். சில நிமிடங்களில் புள்ளி வந்து, நீங்கள் நடக்க நடக்க நகர்ந்தால் போன் சரி.

பொறி ஒன்று: அலுவலகத்தில் டேப் கொடுத்தால் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். சிம் போட முடியாத, வைஃபை மட்டும் உள்ள ஐபேடுகளில் ஜி.பி.எஸ். கிடையாது. நகரத்தில் சுற்றியுள்ள வைஃபைகளை வைத்து ஒப்பேற்றிவிடும், வயல் வெளியில் கைவிரித்துவிடும். மலிவான சில ஆண்ட்ராய்டு டேப்களும் அப்படித்தான்.

2. முதல் நாள் இரவே மேப்பை இறக்கி வையுங்கள்

இரண்டு ஆப் போதும், இரண்டுமே இலவசம்.

முதலாவது கூகுள் மேப்ஸ். மேலே வலது மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் ‘ஆஃப்லைன் மேப்ஸ்’ என்று வரும். அதற்குள் ‘செலக்ட் யுவர் ஓன் மேப்’. ஒரு நீலச் சட்டம் தோன்றும். அதை விரித்து வடக்கே வெருகல், தெற்கே பொத்துவில், மேற்கே மகா ஓயா உள்ளே வருமாறு பிடியுங்கள். ஒரே சட்டத்துக்குள் அடங்காவிட்டால் இரண்டாக எடுக்கலாம். எத்தனை எம்.பி. என்று கீழேயே காட்டும். வைஃபையில் இறக்கினால் டேட்டா செலவும் இல்லை. இறக்கியதற்குக் காலாவதித் தேதி உண்டு. அதே பட்டியலில் தெரியும், மாதம் ஒருமுறை பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இணையம் இல்லாத நேரத்தில் கூகுள் மேப்ஸ் வாகன வழியை மட்டும்தான் சொல்லும். நடைவழி, பஸ் வழி, மாற்று வழி எதுவும் வராது. வயல் வரம்பாலும் ஒழுங்கையாலும் போகிற நமக்கு இது பெரிய குறை.

அதனால்தான் இரண்டாவது: ஓர்கானிக் மேப்ஸ். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்று தன்னார்வலர்கள் கூடி வரையும் வரைபடத்தில் ஓடுவது. விளம்பரம் இல்லை, கணக்குத் திறக்க வேண்டியதில்லை. ஆப்பை நிறுவியதும் இலங்கை வரைபடத்தை இறக்கச் சொல்லும், இறக்கிவிட்டால் அம்பாறை, மட்டக்களப்பு எல்லாம் அதற்குள்ளேயே. நடைவழி, சைக்கிள் வழி எல்லாம் இணையமில்லாமல் கணக்குப் போடும். குளக்கட்டு, வாய்க்கால், வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) போகும் கிறவல் வீதி போன்றவை பல இடங்களில் இதில்தான் விளக்கமாக இருக்கின்றன. மறுபக்கம், கடைகளும் அலுவலகங்களும் கூகுளில் கூடுதல். எனக்கு ஊர் தேட ஒன்று, ஊருக்குள் நடக்க மற்றது.

பொறி இரண்டு: இறக்கிவிட்டு “சரி” என்று படுத்துவிடாதீர்கள். ஏரோப்பிளேன் மோடில் போட்டு, நாளை போகிற ஊரைப் பெருப்பித்துப் பாருங்கள். அதன் ஒழுங்கைகள் வரை தெரிய வேண்டும். பாதி இறங்கி நின்றுபோன மேப், வெளியில் இருந்து பார்த்தால் முழு மேப் போலவேதான் இருக்கும்.

3. கடதாசிகள்: போகிற இடத்தின் சரியான பெயரைப் பிடியுங்கள்

என் அனுபவத்தில் சிக்னலை விடப் பெயர்தான் ஆட்களை அதிகம் அலையவிடுகிறது.

அலுவலகக் கடிதத்தில் பிரதேச செயலகப் பிரிவின் உத்தியோகபூர்வப் பெயர் இருக்கும், பஸ் கொண்டக்டரோ ஊர்ப் பெயர்தான் சொல்வார். மண்முனை மேற்கு என்றால் வவுணதீவு. மண்முனை தென்மேற்கு என்றால் பட்டிப்பளை. போரதீவுப்பற்று என்றால் வெல்லாவெளி. கோறளைப்பற்று தெற்கு கிரான், கோறளைப்பற்று வடக்கு வாகரை. மண்முனை வடக்கு என்பதோ மட்டக்களப்பு நகரமே! ‘மண்முனை’ என்று மட்டும் தட்டித் தேடினால் எங்கே கொண்டுபோய் விடும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் வேறு. காத்தான்குடிக்குப் பக்கத்தில் ஒரு பாலமுனை, அம்பாறை மாவட்டத்தில் அட்டாளைச்சேனைப் பக்கம் இன்னொரு பாலமுனை. இடையில் 40 கிலோமீற்றருக்கு மேல். புதுக்குடியிருப்பும் அப்படித்தான்: ஆரையம்பதிப் பக்கம் ஒன்று, முல்லைத்தீவில் ஒன்று. தேடல் முடிவில் முதலாவதாக வருவதைத் தொட்டுவிட்டுப் புறப்படாதீர்கள், மாவட்டத்தைப் பாருங்கள்.

ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒரு தலையிடி. கொக்கட்டிச்சோலையை ஒரு பலகையில் ஒரு மாதிரியும் அடுத்த பலகையில் வேறு மாதிரியும் எழுதியிருக்கிறார்கள். மேப்பில் எந்த மாதிரி இருக்கிறதோ அது தெரியாமல் ஆஃப்லைனில் தேடினால் “முடிவு இல்லை” என்றுதான் வரும். ஆகவே வீட்டில் டேட்டா இருக்கும்போதே தேடிப் பிடித்து, அந்த இடத்தில் ஒரு குறி போட்டு, நீங்கள் அறியும் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தேட வேண்டியதே இல்லை.

கையில் கொண்டு போக வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, அலுவலகக் கடிதத்தின் மூலமும் ஒரு பிரதியும், ஜி.எஸ். (கிராம சேவகர்) பிரிவின் பெயரும் இலக்கமும். ஜி.எஸ். அலுவலகச் சுவரில் பிரிவின் வரைபடம் தொங்கினால் அனுமதி கேட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை எங்கே முடிகிறது, எந்தக் குளத்துக்கு அந்தப் பக்கம் அடுத்த பிரிவு என்பது எந்த ஆப்பிலும் அவ்வளவு தெளிவாக வராது. முன்பின் தெரியாத ஊரில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் ஆட்கள் கேள்வி கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. முதலில் ஜி.எஸ்.ஸைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. முகாம், காவலரண் பக்கத்தில் குறி போடுவதும் போட்டோ எடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

4. புறப்படுமுன் ஐந்து நிமிடம்

வீட்டு வாசலில் டேட்டா இருக்கும்போதே மேப்பைத் திறந்து புள்ளி நிலைக்கும் வரை நில்லுங்கள். காரணம் இருக்கிறது. செய்மதிகள் இப்போது எங்கே இருக்கின்றன என்ற தகவலை இணையம் இருந்தால் போன் நொடியில் எடுத்துவிடும். இல்லாவிட்டால் செய்மதியிடமிருந்தே மெல்ல மெல்லக் கேட்டு எழுத வேண்டும். நீண்ட நாள் நிறுத்தி வைத்திருந்த போனென்றால் பத்து நிமிடத்துக்கு மேலும் போகலாம். வெயிலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு பத்து நிமிடம் நிற்பது லேசான காரியமில்லை.

பேட்டரி சேவர் ஓனில் இருந்தால் நிறுத்துங்கள். திரை அணைந்ததும் அது லொகேஷனையும் அணைத்துவிடலாம். நான் ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்ததாக நினைத்த பயணத் தடம், கடைசியில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஒரு நேர்கோடாக இருந்தது. செட்டிங்கில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

5. புள்ளியை வாசிக்கப் பழகுங்கள்

நீலப்புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று இருக்கும். “இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறீர்கள்” என்று போன் சொல்கிறது. திறந்த வெளியில் 5 மீற்றர் அளவுக்குச் சுருங்கும். மாமரத்தின் கீழோ தகரக் கூரைக்குள்ளோ நின்றால் வீங்கும். வட்டம் பெரிதாக இருக்கும்போது எடுத்த முடிவுகளால்தான் அடுத்த வீட்டுப் படலையில் போய் நிற்கிறோம்.

புள்ளியிலிருந்து விரியும் ஒளிக்கற்றை நீங்கள் பார்க்கும் திசை. அது போனுக்குள் இருக்கும் காந்தத் திசைகாட்டியை வைத்துச் சொல்வது, புள்ளியை விட அதைக் குறைவாக நம்புங்கள். காந்தம் வைத்த கவரும் காந்த ஹோல்டரும் அதைத் தலைகீழாக்கிவிடும். கவரைக் கழற்றி, போனைக் கையில் பிடித்துக் காற்றில் எட்டு எழுதுவது போல ஆட்டினால் சரிவரும். இன்னும் சந்தேகமா? இருபது அடி எடுத்து வைத்து நடங்கள். புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறதோ அதுதான் உண்மை.

6. வாவி, தாம்போதி, யானை வேலி

இந்த மூன்றையும் மேப் உங்களுக்குச் சொல்லாது. சொன்னாலும் நேரம் சொல்லாது.

வாவி 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. “இலக்கு 2 கிலோமீற்றர்” என்று நேர்கோட்டுத் தூரம் காட்டினால் சந்தோஷப்படாமல், இடையில் நீலம் இருக்கிறதா என்று பாருங்கள். நீருக்கு மேல் புள்ளி புள்ளியாகக் கோடு போனால் அது பாதை ஓடும் துறை: குருமண்வெளி – மண்டூர், குறுக்கள்மடம் – அம்பிளாந்துறை, சந்திவெளி – திகிலிவெட்டை என்று. காலையில் ஏறும்போதே கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். காற்றுக்கும் வெள்ளத்துக்கும் அது நின்றுபோகும். அப்படியானால் மண்முனைப் பாலமா பட்டிருப்புப் பாலமா, எது கிட்ட என்பதை முன்னமே பார்த்து வையுங்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறந்ததிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆப்பின் செட்டிங்கில் ‘ஃபெரியைத் தவிர்’ என்ற தெரிவு உண்டு. மாலையில் திரும்பும்போது அதைப் போட்டுவிடுங்கள். நான் போடுவதே இல்லை என்று இருந்தவன், மண்டூருக்குப் பிறகு எடுப்பதே இல்லை.

தாம்போதி வேறு கதை. கோடையில் காய்ந்த சீமெந்துத் தளமாகக் கிடக்கும், மேப்பில் சாதாரண வீதிதான். நவம்பர் பிறந்து மாரி பிடித்தால் அதற்கு மேலால் நீர் பாயும். கிரான் – புலிபாய்ந்தகல் வீதியிலும் வெல்லாவெளி – மண்டூர் வீதியிலும் வெள்ளத்துக்குப் போக்குவரத்து நின்றுவிடுவது ஆண்டுதோறும் செய்தி. முழங்காலுக்குத்தானே என்று இறக்க வேண்டாம். இழுவையும் தெரியாது, தளம் எங்கே உடைந்திருக்கிறது என்பதும் தெரியாது. நவம்பர் முதல் ஜனவரி வரை நான் மேப்பைப் பார்த்துவிட்டு ஒரு போன் கோலும் எடுப்பேன். போகிற ஊரில் ஒருவரிடம் “தண்ணி மேவிப் பாயுதா?” என்று கேட்டால் போதும்.

வட்டைக்குள்ளும் காட்டோரமும் போகும் வழிகளில் யானை மின்வேலி குறுக்கிடும். அதன் கேற்று எங்கே, எப்போது பூட்டு என்பது எந்த மேப்பிலும் இல்லை. அந்தப் பக்கங்களில் நாலரை, ஐந்துக்குத் திரும்பிவிடுவதாக நாளைத் திட்டமிடுங்கள். மேப் காட்டும் நேரத்தை கிறவல் வீதியில் இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

7. படிவத்தில் இடத்தை எழுதுவது

வீடு வீடாகப் போகிறவர்களுக்கு இது முக்கியம். அகலாங்கு, நெட்டாங்கு என்று இரண்டு எண்கள் கேட்பார்கள். மட்டக்களப்பு நகரம் ஏறக்குறைய 7.717 வடக்கு, 81.700 கிழக்கு. தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதுங்கள். ஐந்தாவது இலக்கம் ஒரு மீற்றர் அளவு. இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீற்றர் தள்ளிப் போகும்.

இனிப் பொறிகள். பாகை, கலை, விகலையாகவும் எழுதலாம், தசமமாகவும் எழுதலாம், கலக்கக் கூடாது. எங்கள் குழுவில் ஒருவர் 7 பாகை 43 கலையை 7.43 என்றும், 81 பாகை 42 கலையை 81.42 என்றும் எழுதிவிட்டார். சரியான எண் 7.717, 81.700. நகரத்தில் இருக்க வேண்டிய வீடு தென்மேற்கே 40 கிலோமீற்றருக்கும் அப்பால், உள்நாட்டில் போய் விழுந்தது. கலையை 60ஆல் வகுத்தால்தான் தசமம். இரண்டு எண்ணையும் இடம் மாற்றி எழுதினாலோ உங்கள் வீடு வட துருவத்துப் பக்கம், ஆர்க்டிக் கடலில் மிதக்கும். நமது மாவட்டங்களில் 81இல் தொடங்குவது எப்போதும் நெட்டாங்கு. அதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஓர்கானிக் மேப்ஸில் உங்கள் இடத்தைத் தொட்டால் எண்கள் கீழே வரும், எண்ணையே தொட்டால் வடிவம் மாறும். அரை நிமிடம் நின்று, வட்டம் சுருங்கிய பிறகு எடுங்கள். கையால் எழுதாமல் கொப்பி செய்து ஒட்டுங்கள்.

நில அளவைப் படங்களில் இருக்கும் ஆறு இலக்க எண்கள் வேறு முறை, மீற்றரில் எண்ணுவது. அவற்றை அப்படியே போனில் தட்டாதீர்கள். இன்னொன்று: போனை வைத்துக் காணி எல்லை பார்க்கச் சொல்லி யாராவது கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். 20 மீற்றர் நீள எல்லையில் 5 மீற்றர் பிசகினால் 100 சதுர மீற்றர், அதாவது கிட்டத்தட்ட 4 பேர்ச். சகோதரங்களுக்குள் சண்டை மூட்ட அது தாராளம். எல்லைக்கு அனுமதிப்பத்திரம் உள்ள நில அளவையாளர்தான்.

8. செலவு

ஆப்புக்குச் செலவில்லை. பணம் போவது சார்ஜுக்கு. நாள் முழுக்க மேப் ஓடினால் பழைய போன் பின்னேரத்துக்குள் கண்ணை மூடிவிடும், ஆகவே 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று வாங்குங்கள். அதற்கு மேல் எடையைச் சுமக்கத் தேவையில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைக் குடிக்கும். ஏரோப்பிளேன் மோடில் போட்டால் ஜி.பி.எஸ். வேலை செய்துகொண்டே இருக்கும், சார்ஜும் நீண்ட நேரம் தாங்கும்.

ஹேண்டிலில் பூட்டும் ஹோல்டர் தேவையா? என் அபிப்பிராயத்தில் தேவையில்லை. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு கமெராவைக் கெடுக்கக்கூடும் என்று 2021இல் ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. கிறவல் குலுக்கலும் வெயில் சூடும் அதற்கு மேல். சட்டைப் பையில் வைத்து, சந்திக்குச் சந்தி எடுத்துப் பாருங்கள். மாரிக்கு ஒரு சிப் உள்ள பொலித்தீன் பை.

9. வழி தவறிவிட்டால்

வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்ப டேட்டா வேண்டும். டேட்டா ஓடாத இடத்திலும் சில வேளை எஸ்.எம்.எஸ். போகும். அகலாங்கு, நெட்டாங்கு இரண்டையும் கொப்பி செய்து எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்புங்கள். வாங்குகிறவர் அதை அப்படியே மேப்பின் தேடல் கட்டத்தில் ஒட்டினால் நீங்கள் நிற்கும் இடம் வரும். விபத்தென்றால் 1990 அம்புலன்ஸ், இலவசம். இடம் கேட்பார்கள். ஊர்ப் பெயரோடு கிட்டிய பாடசாலை, கோயில், பள்ளிவாசல் ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள், எண்கள் இருந்தால் அவற்றையும்.

காலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திய இடத்தில் ஒரு குறி போடும் பழக்கம் வந்தால், வயலுக்குள் எவ்வளவு தூரம் நடந்தாலும் திரும்பி வரலாம். அறுவடைக்கு முன் எல்லா வட்டையும் ஒரே பச்சை.

10. தவறைக் கண்டால் திருத்துங்கள்

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் யாரும் இலவசமாகக் கணக்குத் திறந்து, இல்லாத ஒழுங்கையைச் சேர்க்கலாம், பிழையான பெயரைத் திருத்தலாம். ஊர்ப் பெயரைத் தமிழிலும் சேர்க்கலாம், அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். அடுத்தடுத்த வரைபடப் புதுப்பிப்பில் அது எல்லோருடைய போனுக்கும் வந்துவிடும். நேரில் பார்த்ததை மட்டும் சேருங்கள், வேறு மேப்பைப் பார்த்து வரைவது விதிக்கு மாறு. மாரி முடிந்ததும் நான் முதலில் சேர்த்தது வட்டை ஓரத்தில் ஒரு தாம்போதி. வரைபடத்தில் வெறும் வீதியாகக் கிடந்ததில் ‘வெள்ளம் பாயும் இடம்’ என்று குறித்தேன். அடுத்த மாதம் மேப்பைப் புதுப்பித்துவிட்டு, அந்த இடத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து நாலு தரம் பார்த்தேன். இருந்தது.